முப்பத்தொரு ஓட்டைகள்

என் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், எனக்கு வைத்த பட்டப்பெயரே 'இன்ஸ்பெக்டர்'. அவர் வெல்டர். வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்காரப் போவார். "அத்தான், பின்னாடி கிரீஸ்" என்பேன். "இன்ஸ்பெக்டர் பாத்துட்டாங்கய்யா, இனி நின்னுக்கிட்டேதான் டீ" என்று நின்றபடியே குடிப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் நான் செய்த காரியத்துக்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சிரித்திருப்பார். அதுதான் இன்னும் வேதனையாக இருக்கிறது.

அக்கா வரைவாள், நான் அச்சடிப்பேன். அதுதான் எங்கள் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு நீள மேசை, வலைத்துணி கட்டிய ஸ்கிரீன் சட்டங்களைக் கழுவ ஒரு தொட்டி, ஈரத்தாளைக் காயப்போட இருபது தட்டு வைத்த கம்பி அலமாரி இரண்டு. ஒருத்தி திரும்ப வேண்டுமென்றால் இன்னொருத்தி வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். ஒரு படத்துக்கு நாற்பது பிரதி. நாற்பதையும் அடித்து முடித்ததும் ஸ்கிரீனில் மருந்து தடவிக் கழுவிவிடுவோம். தண்ணீர்க் குழாயை அக்காதான் பிடிப்பாள், நான் தேய்ப்பேன். படம் கரைந்து ஓடி, வெறும் வலைத்துணி மிஞ்சிய பிறகுதான் அவள் பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போடுவாள். "நாப்பதுன்னா நாப்பதுதான். நாப்பத்தி ஒண்ணு அடிக்கிறவன் திருடன்" என்பாள். எங்களுக்குப் பெரிய பேர் ஒன்றும் கிடையாது. வாங்கினவர்கள் மறுபடி வந்தார்கள் என்றால் அவளுடைய இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் வந்தார்கள்.

அத்தான் போன பிறகு அக்காவின் கண் கெட ஆரம்பித்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு அழுக்குத்துணி தொங்குகிற மாதிரி இருக்கிறது, ஓரம் மட்டும்தான் தெரிகிறது என்றாள். இனிமேல் கெடாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதிலிருந்து எதற்கும் என்னைத்தான் கேட்பாள். பால் பொங்கிவிட்டதா, இது நீலமா கறுப்பா, மழை வருகிறதா. நான் "வருது" என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே "துணிய எடுடி" என்று சத்தம் போடுவாள். எழுந்து ஜன்னல் பக்கம் வந்து பார்த்ததே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு படம். அதோட மூட்ட கட்டிடறேன்" என்று போன வருஷக் கடைசியில் சொன்னாள். நாங்கள் படத்தைக் கண்ணாடி போன்ற ஃபிலிம் தாளில் நேரடியாகக் கறுப்பு மையால் வரைவது வழக்கம். மூக்கு தாளில் உரசுகிற மாதிரி குனிந்து, தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்துப் பார்த்து நாலு மாதம் வரைந்தாள். இடையில் எனக்குக் காட்டவே இல்லை. முடித்துக் கொடுத்தபோது பார்த்தேன். தாள் முழுக்கச் செங்கல் சுவர், செங்கல் செங்கலாக. அதற்கு முன்னால் ஒரு கொடிக்கயிறு. அதில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு கிளிப்பில் தோளைத் தூக்கிக்கொண்டு தொங்கியது. அத்தானின் வேலைச்சட்டை.

"கோடெல்லாம் கறுப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். கோடு ஒளியைத் தடுக்கும் அளவுக்குக் கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். தொழில்காரி பார்க்கிற பார்வை அது. தங்கச்சியாக ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாற்பது பிரதியும் அடிப்பதற்கு முன்பே ஆள் வந்துவிட்டது. அத்தான் வேலை பார்த்த பட்டறையில் மொத்தம் பதினோரு பேர், ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். பட்டறையை நடத்துகிற மேஸ்திரி, அத்தானோடு பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர், "முதல் நம்பர் எங்களுக்குத்தான் அண்ணி, பட்டறைச் சுவத்துல மாட்டப்போறோம்" என்று அக்காவிடம் வாக்கு வாங்கிவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அது மழை பெய்து ஈரம் காயாத வாரம். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒரு பசையை ஸ்கிரீன் துணியில் பூசி, ஃபிலிமை ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டித் தண்ணீரில் அலசினால், கோடு இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். மை அந்த வழியாக இறங்கும். பசை சரியாகக் காயாவிட்டாலோ ஒரு தூசி விழுந்தாலோ வேண்டாத இடத்திலும் ஊசிக்கண் மாதிரி ஓட்டை விழுந்துவிடும். அதன் வழியாகவும் மை இறங்கி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துவிடும். அதனால் அடிப்பதற்கு முன்னால் ஸ்கிரீனை விளக்குக்கு எதிரே பிடித்து, ஓட்டைகளைத் தேடித்தேடிச் சின்ன பிரஷால் அடைக்க வேண்டும். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. நடுவில், சட்டையின் மேல் ஒரு கூட்டமே இருந்தது. "சனியன்களா, இவ்வளவு இடம் இருக்க எங்க வந்து உக்காந்திருக்கீங்க பாரு" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அடைத்தேன். அரை மணி நேரம் ஆனது. சாயங்காலத்துக்குள் நாற்பதும் அடித்து முடித்தேன். நீலக் கறுப்புச் சுவருக்கு முன்னால் சட்டை பளிச்சென்று நின்றது. தாளின் வெள்ளையைத் தவிர ஒரு துரும்பு இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் அடித்ததில்லை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அக்கா குழாயைப் பிடித்தாள், நான் ஸ்கிரீனைத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் கையெழுத்து. அக்காவுக்காக அட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருந்தேன். அதைத் தாளின் கீழ் ஓரத்தில் வைத்தால், அந்த ஜன்னலுக்குள் விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். நான் நம்பர் சொல்ல, அவள் எழுத, நாற்பதும் முடிய மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. கடைசித் தாளையும் தள்ளிவிட்டு விரலை நெட்டி முறித்தாள்.

"அந்த ஓட்டையெல்லாம் சரியா விழுந்திருக்காடி?"

"எந்த ஓட்டை?"

"சட்ட ஓட்டைதான், வேற எந்த ஓட்டை? தீப்பொறி பட்டுப் பட்டு சல்லடையா இருக்குமே. முப்பத்தொண்ணு வெச்சேன்."

எதிரே நாற்பது சட்டைகள், நாற்பதும் கடையிலிருந்து இப்போதுதான் பிரித்த மாதிரி இருந்தன. வெல்டரின் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சிலும் கையிலும் கருகின ஊசிக்கண்களாக இருக்கும். அந்தச் சட்டையை நானே எத்தனை தடவை காயப்போட்டிருக்கிறேன்! "இத இன்னுமா போடுறீங்க, தூக்கிப் போடுங்க அத்தான்" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! அதே ஓட்டைகளைத்தான் அக்கா வரைந்திருக்கிறாள். அதே ஓட்டைகளைத்தான் நான் சனியன் என்று திட்டி அடைத்திருக்கிறேன்.

"என்னடி, விழுந்திருக்கா?"

"விழுந்திருக்குக்கா."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு ஒரு நிமிஷம் இருந்தது. "இரு, தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் தாராளமாகப் போதும். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் தைரியம் போய்விட்டது.

"கண்ணால எண்ணல தெரியுமா" என்று அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். "சட்டைய மடியில போட்டுக்கிட்டு விரலால எண்ணினேன். மூணு நாளாச்சு. பாக்கெட்டுக்குக் கீழ ஒண்ணு பெருசா இருக்கும் பாரு, சுண்டு விரல் நுழையும். அது ஸ்கூலுக்கு இரும்பு கேட்டு செஞ்சப்போ விழுந்தது. காலர்ல ஒண்ணு இருக்கும். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு அவசர அவசரமா முடிச்சுட்டு ஓடி வந்தாரு, அப்போ பட்டது. கழுத்துல கொப்புளத்தோட வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு ஆறுதல் சொன்ன மனுஷன். அந்தக் காலர் ஓட்டை தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மேஸ்திரி வந்துவிட்டார். ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லையாம். அக்கா முதல் நம்பரைத் தன் கையாலேயே சுருட்டி, குழல் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "மை இன்னும் காயல, அப்புறம் வாங்க" என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உபயோகமாக இருந்திருக்கும். உபயோகமான பொய் எதுவும் எனக்கு அன்று வாயில் வரவில்லை.

மறுநாள் முழுக்க நான் நானாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அழுதிருக்கலாம், சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் தொழில் புத்தி வேலை செய்தது. ஸ்கிரீனைத்தானே கழுவினோம், ஃபிலிம் பத்திரமாக இருக்கிறதே! அதன் மேல் இன்னொரு வெற்று ஃபிலிமை வைத்து, ஓட்டைகளை மட்டும் பிரதியெடுத்து, புது ஸ்கிரீன் போட்டு, ஏற்கெனவே அடித்த தாள்களின் மேலேயே அடித்துவிட்டால்? இரண்டு நிறப் படத்துக்கு இப்படித்தானே செய்கிறோம். யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

வியாழக்கிழமை, அவள் மத்தியானம் படுத்திருந்த நேரத்தில், அந்த ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்து மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக எடுத்தேன். முதலில் எண்ணியபோது இருபத்தொன்பது. மறுபடி எண்ணினேன், கைமடிப்பில் இரண்டு ஒளிந்துகொண்டிருந்தன. முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் வெறும் புள்ளி இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக் கருகின ஓரத்தைக்கூட வரைந்திருந்தாள். கண் தெரியாதவள் வரைந்ததைக் கண் தெரிந்த நான் அழுக்கு என்று நினைத்திருக்கிறேன். அந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். காலர் ஓட்டைக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அடிக்க ஆரம்பித்தேன். மேசையில் தாள் உட்காரும் மூலைக்கு அட்டைத்துண்டு ஒட்டி, ஒரு மயிரிழை நகராமல் வைத்தேன். ஸ்கிரீனில் மையைத் தள்ள ரப்பர் பட்டையை இழுக்கும் சத்தம் உள்ளே கேட்டுவிட்டது.

"என்னடி அடிக்கிற?"

"பழைய படம் ஒண்ணுக்கா. அதுல வேற கலர் வருமான்னு சும்மா பாக்குறேன்."

"எத்தன தடவ சொல்றது, கழுவினத திரும்ப எடுக்காதன்னு!"

"விக்கிறதுக்கு இல்லக்கா, சும்மா."

முப்பத்தொன்பது தாளிலும் ஓட்டைகள் அம்சமாக உட்கார்ந்தன. என் கைத்திறமையை நினைத்து எனக்கே ஆச்சரியம். வெட்கம்கெட்ட ஜென்மம், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். இனிப் பாக்கி ஒன்றே ஒன்றுதான், பட்டறையில் இருக்கும் முதல் நம்பர். 'ஓரத்தில் மை தடவியிருக்கிறது, சரிபண்ணிக் கொடுக்கிறேன்' என்று சொல்லி வாங்கிவர வேண்டும். அதோடு கதை முடிந்தது. அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையில் அரைக்கிற மிஷினின் இரைச்சல் காதைப் பிளந்தது. என்னைப் பார்த்ததும் மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "வாங்கம்மா, வாங்க. இன்ஸ்பெக்டரே நேர்ல வந்துட்டாங்க!" அத்தான் வைத்த பேர் அங்கேயும் உயிரோடு இருந்தது. படம் உள்சுவரில், அத்தான் வேலை செய்த மேசைக்கு நேர் மேலே, தேன்நிறச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் போனேன்.

சட்டையில் ஓட்டைகள் இருந்தன.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நீலப் பேனா. பால்பாயின்ட் பேனாவால் நெஞ்சிலும் கையிலும் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள். சிலது பெரிது, சிலது சிறிது, ஒன்று கோணல்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கொண்டாந்து பிரிச்சோமா, எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறோம், ஒருத்தனும் பேசல. சட்ட புதுசா இருந்துச்சு. அண்ணன் சட்ட மாதிரியே இல்ல. யாரோ ஆபீசருது மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் வெளங்குச்சு, அண்ணிக்குக் கண்ணு அப்படி ஆயிருச்சே, பாவம், அதனால விட்டுட்டாங்கன்னு. அவங்க மேல எங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லம்மா, சத்தியமா. இவ்வளவு வரைஞ்சதே பெருசு. ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு நாங்களே வெச்சுட்டோம். எந்த ஓட்டை எங்க இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா? அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சு போயிடுவாங்க."

என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அவள் விடவில்லை, நான்தான் அடைத்தேன்' என்ற நாலு வார்த்தை. பதினோரு பேர் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையுறையோடு நின்றார்கள். எல்லார் முகத்திலும் அக்காவை நினைத்து ஒரு இரக்கம். நான் தலையாட்டினேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

தெரு முனை வரை நடந்தேன். அங்கே ஒரு டயர்க்கடை வாசலில் நின்று என்னையே காறித் துப்பாத குறைதான். ஓட்டையை அடைத்தது தெரியாமல் செய்த தப்பு, போகட்டும். பயத்தில் பொய் சொன்னேன், அதுகூடப் போகட்டும். இப்போது என் பழியைத் தூக்கி அவள் கண்ணின் மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாலு மாதம் மூக்கு உரச வரைந்தவளை ஊர் 'பாவம், தெரியல' என்கிறது. என் சாமர்த்தியப்படி முப்பத்தொன்பதையும் சரிபண்ணிக் கொடுத்தால் அந்தப் பேச்சு மாறவா போகிறது? கடைசிப் படத்தில் கோட்டைவிட்டாள், தங்கச்சிதான் பார்த்துச் சரிசெய்தாள் என்று எனக்குப் பாராட்டு வேறு கிடைக்கும். அந்த நினைப்பு வந்ததும் நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா முன்னறையில் குழல் டப்பாக்களைத் தடவித் தடவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அடைத்தது, பொய் சொன்னது, மறுபடி அடித்தது, பட்டறை, நீலப் பேனா, அவர்கள் பேசியது, நான் தலையாட்டியது. கொட்டி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

"செவ்வாக்கெழம சொன்ன. இன்னிக்கு சனி."

"ஆமாக்கா."

"நாலு நாளா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்க."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அடைச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி. ஸ்கிரீன்ல பாத்தா எல்லா ஓட்டையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நானா இருந்தா நானும் அடைச்சிருப்பேன். வரைஞ்சவ நான், உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். ஆனா கேட்டேன்ல? விழுந்திருக்கான்னு கேட்டேன்ல?"

"பயந்துட்டேன்க்கா. நீ அழுவியேன்னு..."

"அழுதா என்ன? அழுறதுக்கு என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சரிசெய்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல்தான் வைத்தேன். எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. அவள் சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். எங்கள் மை தாளுக்குள் இறங்கிவிடும், விரலுக்குத் தட்டுப்படாது. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அதற்கும் அகப்படவில்லை.

"இப்போ இருக்கா?"

"இருக்குக்கா. முப்பத்தொண்ணும் இருக்கு. காலர்ல இருக்கு, பாக்கெட்டுக்குக் கீழ இருக்கு. சத்தியமா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதே குரல்லதான்டி சொன்ன" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரியாமல் சொன்னாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, தடவித் தடவி எனக்கும் சேர்த்து டீ போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆட்கள் எல்லாரும் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னறை கொள்ளாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். ஒரு படம்கூடக் கொடுப்பதற்கு முன்னால் அக்கா சொன்னாள்: "இவ ஒண்ணு சொல்லணுமாம், கேளுங்க." நான் சொன்னேன். நேற்று வராத அந்த நாலு வார்த்தையும், அதற்கு மேலும் சொன்னேன். என் காது இரண்டும் எரிந்தது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி, நாங்க உங்க கண்ணாலதான்னு நெனச்சு..." என்று இழுத்தார்.

"என் கண்ணு ஒண்ணும் பண்ணல. இது கண்ணு நல்லா இருக்கிறவ பண்ண வேல" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நீங்க மொத்தம் எத்தன வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு அண்ணி."

"காலர்ல வெச்சீங்களா?"

மேஸ்திரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். "நான் வெச்சேன். ஆஸ்பத்திரிக்கு ஓடின அன்னிக்கு விழுந்ததுதானே?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். முதல் நம்பரை வாங்கிக்கொண்டு வேறு தருகிறேன் என்று நான் சொன்னதற்கு மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றார். விட்டுப்போன ஐந்து எங்கெங்கே என்று மட்டும் அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா என்னோடு பேசாமல் இல்லை. முன்பைவிட அதிகமாகவே கேலி பண்ணுகிறாள். இனி வரைய மாட்டேன் என்றவள் போன வாரம் புது ஃபிலிம் தாள் வெட்டித் தரச் சொன்னாள். யாராவது வந்தால், "எங்க இன்ஸ்பெக்டர் எதையும் விட்டுவெக்க மாட்டா, ஓட்டையக்கூட" என்று சொல்லிச் சிரிக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அது தெரியும்.

நேற்று சாயங்காலம் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"மழ வருதாடி?"

"வருதுக்கா."

சரி என்றாள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, கதவைத் தள்ளி, கையை வெளியே நீட்டினாள். என் மேல் சந்தேகப்பட்டுச் செய்த மாதிரி இல்லை. அவளுக்கே தெரியாமல் கை அப்படிப் பழகிவிட்டது. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு, ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, வருது" என்றாள்.

நான் போய்க் கொடியில் இருந்த துணிகளை எடுத்து வந்தேன்.